கவிதையைச் சுவருக்குக் கொண்டுபோகும் முன்: மதுரையில் தனிநபர் பல்லூடகக் கண்காட்சி நடத்த ஒரு வழிகாட்டி

தொடக்க விழாவுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தபோது நான் ஏணியின் மேல் நின்று, "கொடி" என்ற சொல்லில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் அச்சாகியிருந்த ஒரு பலகையைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன். கீழே நின்ற எலக்ட்ரீஷியன், அரங்கின் எல்லாக் குழல்விளக்குகளும் ஒரே சுவிட்சில்தான் இருக்கின்றன என்பதை அப்போதுதான் கண்டுபிடித்துச் சொன்னார். இரண்டு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டிருந்த அனுபவம் அந்த நேரத்தில் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

கவிதைகளை அச்சுப்பலகை, காணொளி, ஒலிப்பதிவு, துணியில் விழும் ஒளி என்று பல வடிவங்களில் மாற்றி, மதுரையில் ஒரு பண்பாட்டு மையத்தில் ஐந்து நாட்கள் காட்சிக்கு வைத்தேன். காட்சிக்கூட உரிமையாளரோ, பொறுப்பாளரோ, நிதி தரும் அமைப்போ உடன் இல்லாமல் தனியாக இதைச் செய்ய நினைக்கும் கவிஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கவிதையின் தரம் பற்றி இதில் ஒரு சொல்லும் கிடையாது.

1. தேதியைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் வேலை அரங்கம் தேடுவதன்று. நாட்காட்டியை எடுத்து மதுரையில் எந்த வாரங்கள் உங்களுக்கு ஆகாது என்று கோடு போடுவது.

சித்திரைத் திருவிழாவின் நாட்களை முதலில் அடித்துவிடுங்கள். திருக்கல்யாணம், தேரோட்டம், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று தொடர்ந்து வரும் நாட்களில் மாசி வீதிகள், தல்லாகுளம், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கமெல்லாம் போக்குவரத்து மாற்றிவிடப்படும். உங்கள் பலகைகளை ஏற்றிய வண்டியும் வராது, பார்வையாளரும் வரமாட்டார். ஊரே ஆற்றங்கரையில் நிற்கும்போது உள்ளே கவிதை காட்டுவது நியாயமும் அன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சுவர் ஈரம் கோத்து ஒட்டுநாடாக்கள் இரவோடு இரவாகக் கழன்று விழும். புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

பலரும் நினைத்துப் பார்க்காத மாதம் ஆடி. முகூர்த்தம் இல்லாத மாதமாகையால் புரொஜெக்டர், ஸ்பீக்கர், பந்தல் சட்டம், நாற்காலி வாடகைக்கு விடுவோர் அனைவரும் ஓய்வாக இருப்பார்கள். வைகாசியில் பேரமே பேசாதவர்கள் ஆடியில் தாங்களே விலையைக் குறைத்துச் சொல்வார்கள். மார்கழிக்கும் இது பொருந்தும். ஆடியில் காற்று மட்டும் தொல்லை: சாளரத்தைத் திறந்துவைத்தால் தொங்கவிட்ட துணியெல்லாம் பறக்கும்.

அடுத்தது, எத்தனை நாட்களுக்கு அரங்கம் எடுப்பது என்ற கேள்வி. நான் செய்த பெரும் பிழை இங்கேதான். காட்சி ஐந்து நாட்கள் என்றால் ஏழு நாட்களுக்குக் கேளுங்கள். முன்னால் ஒரு நாள் அமைப்பதற்கு, பின்னால் ஒரு நாள் பிரிப்பதற்கு. பணம் மிச்சம் என்று கருதி நான் ஐந்து நாட்களுக்கு மட்டும் பதிவு செய்தேன். முந்தைய நாள் அதே அரங்கில் ஒரு நாட்டிய அரங்கேற்றம் இரவு ஒன்பதரை வரை நடந்தது. நாற்காலிகளை அவர்கள் எடுத்து முடித்தபோது பத்தரை. சாவி வைத்திருந்த காவலாளியின் வேலை நேரமோ பத்து மணியோடு முடிந்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சாவி கிடைத்து, மாலை ஐந்தரைக்குத் தொடக்க விழா. அந்த ஏழரை மணி நேரத்தில்தான் மேலே சொன்ன ஏணி வருகிறது. முழு வாடகை தர முடியாவிட்டால், அமைக்கும் நாளுக்கு அரை வாடகை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பல மையங்கள் வாரநாட்களில் ஒப்புக்கொள்கின்றன.

2. மையத்துக்குத் தர வேண்டிய தாள்கள்

வாய்மொழியாக "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லப்படும் எதுவும் காட்சி நாளில் உங்களுக்குத் துணை நிற்காது. கீழே சொல்லும் ஐந்து தாள்களையும் ஒரே உறையில் வைத்து நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, விண்ணப்பக் கடிதம். அதில் தேதிகளோடு நேரத்தையும் எழுதுங்கள். அமைப்பதற்கு எத்தனை மணிக்கு அரங்கம் திறக்கப்பட வேண்டும், இரவு எத்தனை மணி வரை உள்ளே இருக்கலாம் என்பது கடிதத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, கண்காட்சியின் உள்ளடக்கம் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. அரசியல், மதம், சாதி பற்றிய கவிதைகள் இருந்தால் அவற்றை மறைக்காதீர்கள். தொடக்க நாளன்று நிர்வாகி ஒருவர் பலகையின் முன் நின்று முகம் சுளிப்பதைவிட, ஒரு மாதம் முன்பே மறுப்பு வருவது உங்களுக்கு மலிவானது. மூன்றாவது, படைப்புகளின் பட்டியல்: எண், தலைப்பு, ஊடகம், அளவு, சுவரில் தொங்குமா தரையில் நிற்குமா என்ற விவரம். நான்காவது, எந்தக் கருவிக்கு எத்தனை வாட் என்ற மின்சுமைப் பட்டியல். ஐந்தாவது, உங்கள் அடையாள அட்டை நகலும், சுவருக்குச் சேதம் வந்தால் பொறுப்பேற்பதாக உறுதிமொழிக் கடிதமும்.

அவர்களிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டிய தாள்களும் உண்டு. வாடகை ரசீதையும் முன்வைப்புத் தொகைக்கான (டெபாசிட்) ரசீதையும் தனித்தனியாகக் கேளுங்கள். முன்வைப்புத் தொகை எத்தனை நாட்களில், எந்தக் கழிவுகள் போகத் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாடகையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, அதற்கு மேல் வருமா என்பதை முதல் பேச்சிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சாவி யாரிடம் இருக்கும், அவர் விடுப்பில் போனால் அடுத்தவர் யார் என்று கேட்டு இருவருடைய தொலைபேசி எண்களையும் வாங்குங்கள். உள்ளே புத்தகம் விற்கலாமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். சில மையங்கள் எந்த விற்பனையையும் அனுமதிப்பதில்லை, அதை நாம் மேசை போட்ட பிறகுதான் சொல்வார்கள்.

முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கவிதை வாசிப்பு நடத்துவதாயின் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு இடமே இல்லை. கடிதத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

நிதி உதவி வேண்டுவோர் கலை பண்பாட்டுத் துறையின் மதுரை மண்டல மையத்தில் விசாரிக்கலாம். அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

3. எத்தனை கவிதைகள்

நான் 40 கவிதைகளோடு தொடங்கி 24 பலகைகளில் நிறுத்தினேன். இன்று செய்தால் 14 போதும் என்பேன். புத்தகம் படிப்பவர் உட்கார்ந்திருக்கிறார். கண்காட்சி பார்ப்பவர் நிற்கிறார், பெரும்பாலும் கையில் ஒரு பையோடும் சில வேளை ஒரு குழந்தையோடும் நிற்கிறார். பன்னிரண்டு வரிக்கு மேற்பட்ட கவிதையைச் சுவரில் ஏற்றாதீர்கள். அதை ஒலியாக்கி, கேட்பவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்கட்டும். பத்தடி தொலைவிலிருந்து படிக்க வேண்டிய வரிக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது பொதுவான கணக்கு. சுழிகள் நிறைந்த நம் எழுத்துக்கு, அதிலும் ண, ன வேறுபாடு தெரிய, ஒன்றரை அங்குலம் வைத்தால்தான் பெரியவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

4. இருட்டும் புரொஜெக்டரும்

அரங்கத்தைப் பார்க்கப் போகும்போது காலையில் ஒரு முறையும் மாலை நான்கு மணிக்கு ஒரு முறையும் போங்கள். கையில் அளவு நாடா இருக்கட்டும். மேற்குப் பக்கம் வென்டிலேட்டர்கள் இருந்தால் மாலை வெயில் நேரே உங்கள் திரையில் விழும், ஆறரை மணிக்குப் பிறகுதான் படம் தெரியும். கருப்புத் துணியால் அவற்றை மூடலாமா என்று கேளுங்கள். விளக்குகள் எத்தனை சுவிட்சில் இருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். என்னைப் போல எல்லாம் ஒரே சுவிட்சில் அமைந்தால், அவற்றை அணைத்துவிட்டுப் பலகைகளுக்குத் தனியாகக் கவ்வி விளக்குகள் வாங்க வேண்டியிருக்கும். அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

வாடகைக்குக் கிடைக்கும் சாதாரணப் புரொஜெக்டருக்கு, படத்தின் அகலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் தேவை. எட்டடி அகலப் படம் வேண்டுமானால் பன்னிரண்டடி தள்ளி வைக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டடிக்குள் நடக்கும் ஒவ்வொருவரின் நிழலும் கவிதை மேல் விழும். நெருங்கிய தூரத்திலிருந்து வீசும் வகை அதே அகலத்துக்கு நான்கடியில் அடங்கும், வாடகை கூடுதல். நன்றாக இருட்டிய அறைக்கு 3,000 முதல் 4,000 லூமென் (புரொஜெக்டரின் ஒளி அளவு) போதும். கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கும் அதே கருவியைத்தான் உங்களுக்கும் கொடுப்பார்கள் என்பதால், வாங்கும்போதே வண்ணம் மங்கியிருக்கிறதா, படத்தில் புள்ளிகள் விழுகின்றனவா என்று ஓடவிட்டுப் பாருங்கள்.

காணொளியில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வையுங்கள். வெள்ளைப் பின்னணி போட்டால் அந்த ஒளியே அறை முழுவதும் பரவிப் பக்கத்துப் படைப்பையும் வெளுக்கச் செய்துவிடும். ஒரு வரி மறைவதற்குள் அதை நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்; முடியாவிட்டால் வேகம் அதிகம்.

திரைக்குப் பதிலாக எட்டு முழ வேட்டிகளைத் தொங்கவிட்டேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் கஞ்சி குறைவான மெல்லிய வேட்டியாகக் கேட்டு வாங்கி, மடிப்புத் தெரியாமல் இஸ்திரி போட்டு, அடியில் மெல்லிய மரச்சட்டம் கோத்தால் துணி விறைப்பாக நிற்கும். ஒளி துணியைத் துளைத்து மறுபக்கமும் விழும், அங்கே எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். இரண்டாம் நாள் ஒரு சிறுமி பின்பக்கம் நின்று, "ம" தலைகீழாகவும் இல்லை, நேராகவும் இல்லை என்று தன் அண்ணனிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடித்துப்போய் மூன்றாம் நாளிலிருந்து பின்பக்கமும் வழி விட்டேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் துணியைச் சுவரை ஒட்டித் தொங்கவிடுங்கள்.

தொலைக்காட்சியில் பென் டிரைவ் செருகி ஓட்டுவோருக்கு மூன்று குறிப்புகள். பழைய தொலைக்காட்சிகள் பல, ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்த டிரைவை மட்டுமே படிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. மூன்று நிமிடக் காணொளியை அப்படியே போட்டால் ஒவ்வொரு முறை முடியும்போதும் கோப்புப் பெயர்ப் பட்டியல் திரையில் தலைகாட்டும். அதனால் அதையே திரும்பத் திரும்ப ஒட்டி ஒரு மணி நேரக் கோப்பாக்குங்கள். நொடிக்கு 8 மெகாபிட் அளவில் எம்பி4 ஆக எடுத்தால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 3.6 ஜிபியில் அடங்கிவிடும். தானாக அணையும் வசதியை அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் சில மணி நேரத்தில் திரை தூங்கிவிடும்.

5. ஒலி

ஒரே அரங்கில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தால் இரண்டு கவிதையும் கெடும். ஓர் ஒலிப்படைப்புக்கு மட்டும் ஸ்பீக்கர் வைத்து, மற்றவற்றுக்குக் கம்பியுள்ள ஹெட்ஃபோன் வையுங்கள். கம்பியில்லாதவை மாலைக்குள் சார்ஜ் இறங்கும், காணாமலும் போகும். காதுப்பஞ்சைத் துடைக்க ஈரத்தாள் வையுங்கள். மதுரை வெயிலில் வந்தவர்கள் வியர்வையோடுதான் அதை மாட்டுவார்கள்.

கான்கிரீட் அரங்கில் எதிரொலி அதிகமாக இருந்தால், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் இரண்டு ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள்; கேட்கும்போதே வேறுபாடு தெரியும்.

6. அச்சு: எழுத்துருவில் கவனம்

பணமும் மானமும் ஒருசேரப் போகும் இடம் இதுதான். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவீர்கள். அச்சகத்தில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்யும் கணினிகள் ஏராளம். அங்கே உங்கள் உரையை மாற்றியோ, திரும்பத் தட்டச்சு செய்தோ போடுவார்கள். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இயக்கப்படாவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கெ, கே, கொ, கோ, கை என்று முன்னால் குறி வரும் எல்லா எழுத்தும் உடையும். ஐந்து கவிதையில் ஒரு பிழை என்றாலும் பார்வையாளர் அந்த ஒரு பிழையின் முன்தான் நின்று படம் எடுப்பார்.

எனவே வடிவமைப்பை நீங்களோ உங்கள் நண்பரோ முடித்து, எழுத்துகளை எல்லாம் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். அப்போது எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது. பிறகு திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு பலகையை முழு அளவில் அச்சிட்டு, அரங்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு ஒப்புதல் கொடுங்கள். கணினித் திரையில் காட்டி "ஓகேவா சார்" என்று கேட்பதை மெய்ப்புப் பார்த்ததாகக் கொள்ளாதீர்கள்.

பொருளாக, வினைல் ஒட்டிய 5 மில்லிமீட்டர் சன்போர்டு என்னும் நுரைப்பலகை எடைகுறைவு. பளபளப்பில்லாத மேற்பரப்பாகக் கேளுங்கள், இல்லையேல் விளக்கு எழுத்தில் பிரதிபலிக்கும். சுவரில் ட்ரில் போடவோ ஆணி அடிக்கவோ பெரும்பாலும் விடமாட்டார்கள். இருபக்க ஒட்டுநாடா டிஸ்டெம்பரைப் பெயர்த்துக்கொண்டு வரும். முன்வைப்புத் தொகையில் முதல் கழிவு அதற்குத்தான். மேலே ஒரு கம்பியைக் குறுக்காகக் கட்டி, தூண்டில் நரம்பில் பலகைகளைத் தொங்கவிடுவது பாதுகாப்பானது. மேல்முனையில் இரண்டு துளை போடுங்கள். ஒரே துளை போட்டால் பலகை சுழன்றுகொண்டே இருக்கும்.

7. உரிமையும் ஒப்புதலும்

உங்கள் கவிதை உங்களுடையதாக இருந்தாலும், பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். ஒலி, காட்சி உரிமையும் அதில் எழுதிக்கொடுத்திருந்தால் அவர்களிடம் கடிதம் வாங்க வேண்டும். பிறர் வரிகளைப் பயன்படுத்துவதாயின், எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பாரதி, பாரதிதாசன் போன்றோரின் நாட்டுடைமையான எழுத்துகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அவற்றை வேறொருவர் பாடிப் பதிவு செய்த ஒலிக்கு உரிமை தனி.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியற்காலையில் நான் எடுத்த ஒலிப்பதிவில், ஏலக் குரல்களுக்கு நடுவே எங்கோ ஒரு தேநீர்க்கடையிலிருந்து திரைப்பாடல் ஒன்றும் கலந்திருந்தது. உரிமை கேட்டு அலைவதைவிடப் பதிவை மீண்டும் எடுப்பது எளிது என்று மறுபடியும் நான்கு மணிக்குப் போனேன். மல்லிகை அளந்துகொண்டிருந்த ஓர் அம்மாவின் குரல் அதில் தெளிவாக விழுந்தது. ஒப்புதல் கேட்டபோது, "சத்தம் கேக்கட்டும் தம்பி, பேரு மட்டும் போட்டுறாதீங்க" என்றார். அதை அப்படியே எழுதிக் கையொப்பம் வாங்கினேன். குரல், முகம், கை எது பதிவானாலும் ஒரு வரி எழுத்தில் வாங்குங்கள், குழந்தையானால் பெற்றோரிடம்.

8. மின்சாரம்

ஒவ்வொரு கருவியின் பின்னாலும் எழுதியிருக்கும் வாட் அளவுகளைக் கூட்டுங்கள். இரண்டு புரொஜெக்டர், இரண்டு தொலைக்காட்சி, ஸ்பீக்கர், விளக்குகள் சேர்ந்து எனக்கு ஏறத்தாழ 1,200 வாட் வந்தது. இதை ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டக் கூடாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு பகல் முழுவதும் மின்தடை செய்யப்படும் நாளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். நாளிதழ் அறிவிப்பு துணைமின் நிலையத்தின் பெயரில்தான் வரும் என்பதால், உங்கள் அரங்கம் எந்தத் துணைமின் நிலையத்தைச் சேர்ந்தது என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மையத்தில் ஜெனரேட்டர் உண்டு என்றால், அது விளக்கு, மின்விசிறிக்கு மட்டுமா, பிளக் பாயிண்டுக்கும் வருமா, டீசல் யார் செலவு என்று கேளுங்கள். எனக்கு வந்த ஜெனரேட்டர் மின்விசிறிகளை மட்டுமே சுழற்றியது. வேட்டிகள் நன்றாக ஆடின, அவற்றில் கவிதைதான் இல்லை.

9. எனக்கு ஆன செலவு

ஐந்து நாள் அரங்க வாடகை ஜிஎஸ்டியுடன் 23,600 ரூபாய். இரண்டு புரொஜெக்டர், நாளொன்றுக்கு 1,500 வீதம் 15,000. 24 பலகைகள் அச்சிட 10,800. எலக்ட்ரீஷியனும் தச்சரும் 6,000. உதவிக்கு வந்த நான்கு இளைஞர்களின் சாப்பாடு 3,500. தொடக்க விழாத் தேநீர், சுண்டல் 3,000. நான்கு ஹெட்ஃபோன்கள் 2,800. வேட்டி, கருப்புத் துணி 2,400. குட்டியானை வண்டி இரண்டு நடை 2,400. அழைப்பிதழ் 2,000. மொத்தம் 71,500. இது தவிர முன்வைப்புத் தொகை 10,000 கையை விட்டுப் போயிருக்கும். தொலைக்காட்சிகள் இரண்டும் நண்பர்களின் வீட்டிலிருந்து வந்தவை. நான் போட்டிருந்த திட்டம் 40,000.

குறைக்கக் கூடியது பலகைகளின் எண்ணிக்கை. குறைக்கக் கூடாதது எலக்ட்ரீஷியன். அவர் ஐந்து நாட்களும் அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

10. அழைப்பு

சிவகாசியில் அச்சிட்டால் மலிவு என்று ஆயிரம் அழைப்பிதழ் அடிக்காதீர்கள். 200 போதும், மற்றதற்கு வாட்ஸ்அப். நாளிதழ்களின் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதிக்கு மூன்று நாட்கள் முன்பே, இடம், நேரம், அனுமதி இலவசம் என்பது உட்பட நான்கே வரியில் அனுப்புங்கள். சாலையோரம் ஃப்ளெக்ஸ் வைக்க முறையான அனுமதி வேண்டும். அந்த வழியே போகாதீர்கள், மையத்தின் வாயிலுக்குள் ஒன்று வைத்தால் போதும்.

சிறப்பு விருந்தினர் மூவருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் என்று ஒப்புக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார்கள், அதுவரை புரொஜெக்டர்கள் அணைந்தே இருக்கும். வந்தவர்களை முதலில் அரங்கத்தைச் சுற்றிப் பார்க்க விட்டு, அதன் பின் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

11. பிரிக்கும் நாள்

அமைக்கும் முன்பே வெறும் சுவர்கள், தரை, பிளக் பாயிண்ட்கள், கழிப்பறைக் கதவு உட்படப் படம் எடுத்துவையுங்கள். பிரித்த பிறகு அதே கோணங்களில் மீண்டும் எடுங்கள். வாடகைக் கருவிகளை அவற்றின் கம்பி, ரிமோட், பை எல்லாம் எண்ணி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்குங்கள். ஒரு ரிமோட்டுக்கு 600 ரூபாய் கொடுத்த பிறகு, அது ஜமுக்காளத்தின் மடிப்பிலிருந்து எனக்குக் கிடைத்தது.

அரங்கப் பொறுப்பாளர் உடன் இருக்கும்போதே சுவரைக் காட்டி, "சேதமில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். நான் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து, மேற்குச் சுவரில் கறை என்று 1,500 ரூபாய் பிடித்தம் செய்து மீதியை அனுப்பினார்கள். அந்தக் கறை நான் உள்ளே நுழைந்த காலையிலேயே அங்கே இருந்தது. என்னிடம்தான் அதற்குப் படம் இல்லை.